வியாழனுக்கு இரண்டாம் பயணம்: "2010" படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். சோதினை முடிகிற காலத்தில் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, மண்டபச் சுவரில் புரொஜெக்டர் போட்டு, "2001: எ ஸ்பேஸ் ஒடிசி"யையும் அதன் தொடர்ச்சியான "2010"ஐயும் காட்டுவது வழக்கம். பெற்றோரும் வருவார்கள், மேல்மாடி, கீழ்மாடி ஆட்களும் வருவார்கள். படம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஏழாவது கேள்விக்குப் பிறகு கதை முழுவதும் வெளியே வந்துவிடும். படம் பார்க்காதவர்கள் அந்த இடத்தில் நிறுத்தி, பார்த்துவிட்டு வாருங்கள்.

1. டீச்சர், முதல்ல இது என்ன படம்? 2010 எப்பவோ முடிஞ்சு போச்சே!

1984 டிசெம்பரில் அமெரிக்காவில் வெளியான படம். அப்போது 2010 என்பது இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் தள்ளி இருந்தது. முழுப்பெயர் "2010: த இயர் வீ மேக் கொன்டாக்ட்". எழுதி, இயக்கி, தயாரித்து, ஒளிப்பதிவும் செய்தவர் பீற்றர் ஹயம்ஸ். ஓடும் நேரம் 1 மணி 56 நிமிடம். 1968இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த "2001"இன் கதை இதில் தொடர்கிறது. ஆதர் சி. கிளார்க் 1982இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. அந்த நாவல் எழுதப்பட்ட ஊர் கொழும்பு.

ரொய் ஷைடர், ஜோன் லித்கோ, ஹெலன் மிரன், பொப் பலபான் ஆகியோர் நடித்திருக்கிறார்கள். முதல் படத்திலிருந்து திரும்பி வருகிறவர்கள் இரண்டு பேர்: விண்வெளி வீரர் டேவ் பொமனாக நடித்த கியர் டல்லே, ஹால் 9000 என்ற கணினிக்குக் குரல் கொடுத்த டக்ளஸ் ரெயின். அந்தக் குரல் திரும்பி வராமல் இருந்திருந்தால் இந்தப் படமே நின்றிருக்காது.

2. முதல் படத்தைப் பார்க்காமல் நேரா இதைப் பார்க்கலாமோ?

பார்க்கலாம். முன்கதையைத் தொடக்கத்திலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் என் வீட்டில் அப்படிக் காட்டமாட்டேன். ஹால் முதல் படத்தில் என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான், இரண்டாம் படத்தில் அதை மறுபடி இயக்கும்போது வயிற்றைக் கலக்கும்.

நேரமில்லாதவர்களுக்கு முன்கதை இவ்வளவுதான். மனித இனம் தோன்றுவதற்கு முன்பே யாரோ பூமியில் ஒரு கறுப்புப் பாளத்தை நட்டிருக்கிறார்கள். அதே மாதிரி இன்னொன்று சந்திரனில் புதைந்து கிடந்து கண்டுபிடிக்கப்படுகிறது. அது வியாழனை நோக்கிச் சமிக்ஞை அனுப்புகிறது. டிஸ்கவரி என்ற கப்பல் வியாழனுக்குப் போகிறது. வழியில் ஹால் நான்கு பேரைக் கொல்கிறது. தப்பிய பொமன் ஹாலின் மூளையை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி நிறுத்துகிறார். பிறகு வியாழனருகே ஒரு பிரமாண்டமான பாளத்துக்குள் போய் மறைந்துவிடுகிறார். ஒன்பது வருடம் கழித்து, என்ன நடந்தது என்று பார்க்க, அமெரிக்கர்களையும் ஏற்றிக்கொண்டு லியோனொவ் என்ற சோவியத் கப்பல் புறப்படுகிறது. "2010" அங்கேதான் தொடங்குகிறது.

3. எனக்கு முதல் படமே விளங்கேல்லை. நித்திரைதான் வந்தது. இது மட்டும் விளங்குமோ?

விளங்கும். முதல் படத்தில் ஏறக்குறைய முதல் இருபத்தைந்து நிமிடம் ஒரு வசனமும் இல்லை. இதில் எல்லாரும் கதைக்கிறார்கள், பயப்படுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், காரணம் சொல்கிறார்கள். சில இடங்களில் தேவைக்கு மேலேயே சொல்கிறார்கள். ரொய் ஷைடர் நடித்த அமெரிக்க விஞ்ஞானி ஹேவூட் புளொயிட் தன் மனைவிக்கு எழுதுகிற கடிதங்கள் பின்னணிக் குரலாக வருகின்றன. அவற்றில் பாதியை வெட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

4. சின்னப் புள்ளைகளோட ஒண்டா இருந்து பாக்க ஏலுமா?

தாராளமாக ஏலும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பிடிக்கும். புளொயிட்டின் வீட்டுக்குள்ளேயே டொல்பின்கள் நீந்தி வருகிற கட்டத்தில் சின்னவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

5. கிளார்க் உண்மையிலேயே கொழும்பிலயா இருந்தவர்? சும்மா கதையோ?

உண்மை. 1954 டிசெம்பரில் ஒஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும் வழியில் முதன்முதலாகக் கொழும்பில் இறங்கினார். 1956இல் இங்கேயே குடியேறினார். கடலுக்கு அடியில் நீந்துகிற ஆசைதான் அவரை இந்தத் தீவில் பிடித்து வைத்தது. பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில் நீண்டகாலம் வாழ்ந்தார். 1979 முதல் 2002 வரை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பிலேயே காலமானார், வயது 90. பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். என்னிடம் படித்து மொரட்டுவைக்குப் போன பிள்ளைகள்கூட, கட்டுபெத்தையில் அவர் பெயரில் உள்ள நிறுவனத்தைத் தினமும் கடந்து போய்க்கொண்டே "அந்த ஆளா இந்தப் படத்தை எழுதினவர்?" என்று கேட்கிறார்கள்.

நாவல் இங்கிருந்து போன விதம் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆர்கைவ்ஸ் 3 என்ற கணினியில், வேர்ட்ஸ்டார் மென்பொருளில் தட்டி, முழு நாவலையும் ஐந்து அங்குல டிஸ்கெட் ஒன்றில் போட்டு நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை தரை நிலையத்திலிருந்து, இந்து சமுத்திரத்துக்கு மேலிருந்த இன்டெல்சாட் செய்மதி வழியாகப் போயின. பூமத்திய கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதியை நிறுத்தினால் அது நகராமல் நிற்பது போலவே தெரியும், அதைக் கொண்டு உலகம் முழுவதும் தொடர்பு வைத்துக்கொள்ளலாம் என்று 1945 ஒக்டோபரில் கட்டுரை எழுதியவர் இதே கிளார்க். அவர் எண்ணிப் பார்த்த வழியிலேயே அவருடைய நாவலின் திருத்தங்கள் போயிருக்கின்றன. செய்மதிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

6. படம் லொஸ் ஏஞ்சலிஸில, எழுத்தாளர் கொழும்பில. 83இல ரெண்டு பேரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்தவை?

இருவரிடமும் கேப்ரோ என்ற, தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினி இருந்தது. தொலைபேசிக் கம்பியில் மொடெம் பூட்டி ஒருவருக்கொருவர் கடிதம் அனுப்பினார்கள். இங்கே பகல் என்றால் அங்கே இரவு. ஒருவர் நித்திரையாக இருக்கும்போது மற்றவர் எழுதி அனுப்பலாம், விடிந்ததும் பதில் எழுதலாம். மின்னஞ்சல் என்ற சொல்லே சாதாரண ஆட்களுக்குத் தெரியாத காலத்தில், ஒரு பெரிய படத்தின் திரைக்கதை இப்படிப் பேசித் தீர்க்கப்பட்டது. அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகவும் வந்தன.

1983 என்றதும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் படம் நினைவுக்கு வராது. அந்த யூலையில் இந்த நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, ஆட்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில், அதே நகரிலிருந்துதான் இந்தக் கடிதங்களும் போயின. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, சம்பந்தப்படுத்தவும் நான் விரும்பவில்லை. ஆனால் படத்தில், ஒரே கப்பலில் ஒன்றாகச் சாப்பிட்டவர்களை மேலிடத்து உத்தரவு ஒன்று இரண்டாகப் பிரிக்கும் கட்டம் வரும்போது என் அம்மா எழுந்து குசினிக்குப் போய்விடுவார். அது சும்மா தண்ணி குடிக்கப் போவதல்ல என்று எனக்குத் தெரியும்.

7. படத்தில கிளார்க்கும் வாறாராமே, எந்த இடத்தில?

வொஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு முன்னால், பூங்கா வாங்கில் இரண்டு பேர் இருந்து கதைக்கும் காட்சி. இடது பக்கத்தில் இன்னொரு வாங்கில் புறாக்களுக்குத் தீனி போடுகிறவர் அவர்தான். பிறகு ஒரு சஞ்சிகை அட்டையில் அமெரிக்க ஜனாதிபதியின் படமாக அவர் முகமும், சோவியத் தலைவரின் படமாகக் குப்ரிக்கின் முகமும் இருக்கும். படம் அகலத் திரைக்கு எடுக்கப்பட்டது. ஓரம் வெட்டிய பிரதியில் புறாக்காரர் தெரியமாட்டார்.

இதற்கு மேல் கதை வெளிப்படும்.

8. ஹால் நல்லவனா கெட்டவனா? அதைச் சொல்லிப்போட்டு மற்றதைச் சொல்லுங்கோ.

நல்லவன். இந்தப் படம் எடுக்கப்பட்டதன் நியாயமே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

முதல் படத்தில் ஹால் ஏன் கொன்றது என்பது பார்ப்பவரின் ஊகத்துக்கு விடப்படுகிறது. கொலைகளுக்குப் பிறகு ஒளிபரப்பாகும் பதிவு ஒன்றில், பயணத்தின் உண்மையான நோக்கம் ஹாலுக்கு முன்பே தெரியும் என்று மட்டும் சொல்லப்படும். "2010"இல் ஹாலை உருவாக்கிய கலாநிதி சந்திரா டிஸ்கவரிக்குள் போய், அதை மறுபடி இயக்கி, காரணத்தைக் கண்டுபிடிக்கிறார். எதையும் திரிக்காமல், மறைக்காமல் தகவல் தருவதற்காக உருவாக்கப்பட்டது ஹால். அதனிடமே, விழித்திருந்த பொமனுக்கும் அவருடைய சக வீரர் பூலுக்கும் பாளத்தைப் பற்றிச் சொல்லாதே என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். "பொய் சொன்னால் அடி விழும்" என்று வளர்த்த பிள்ளையை வாசலுக்கு அனுப்பி, கடன்காரரிடம் "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்ல வைப்பது போன்ற நிலை. பிள்ளை என்றால் அழும். ஹால் இரண்டு கட்டளைகளையும் ஒன்றாகக் காப்பாற்ற வழி தேடியது. பொய் சொல்லப்பட வேண்டியவர்களே இல்லாவிட்டால் பொய்யும் தேவையில்லை என்ற இடத்தில் போய் முடிந்தது.

உத்தரவு வந்தது அமெரிக்கத் தேசிய பாதுகாப்புச் சபையிடமிருந்து. சந்திரா புளொயிட்டைத்தான் சந்தேகிக்கிறார். புளொயிட் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கத்துகிறார். பொய் சுலபமாக வருகிற ஆட்கள், பொய் சொல்லத் தெரியாத ஒன்றைப் பொய் சொல்ல வைத்தார்கள் என்பது சந்திராவின் முறைப்பாடு. அந்த ஒரு நிமிடத்தில் கொலைகாரன் யார் என்ற கேள்விக்கான பதில் கப்பலை விட்டு வெளியேறி, பூமியில் ஏதோ ஒரு கந்தோருக்குப் போய்விடுகிறது.

9. சந்திரா தமிழாளாமே? படத்தில வெள்ளைக்காரனல்லோ நிக்கிறான்!

நாவலில் அவருடைய முழுப்பெயர் சிவசுப்ரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. இல்லினோய் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானப் பேராசிரியர். எங்கள் பாடசாலை வருகைப் பதிவேட்டில் ஒரு வரிக்குள் அடங்காமல் வளைத்து எழுதப்படுகிற பெயர். உலகத்திலேயே மிகப் பெயர்பெற்ற கற்பனைக் கணினியை உருவாக்கியவருக்கு இப்படியொரு பெயரை, கொழும்பில் இருந்த ஒரு எழுத்தாளர் வைத்திருக்கிறார். 1968இல் வந்த முதல் நாவலிலேயே ஹாலின் ஆசிரியர் சந்திராதான். முதல் படத்தில் மட்டும் ஹால் தன் ஆசிரியரின் பெயர் லாங்லி என்று சொல்லும்.

"2010" படத்தில் சந்திரா என்ற பெயர் வந்தது, ஆள் வரவில்லை. பொப் பலபான் அமெரிக்க நடிகர். முழுப்பெயரும் காணாமல் போய்விட்டது. 1984இல் ஹொலிவூட்டில் அந்த வேடத்துக்குத் தெற்காசிய நடிகர் ஒருவரைத் தேடியிருக்கலாம். தேடாதது குறைதான். இதைக் கேட்கிற பிள்ளைகளிடம் "அந்தக் காலம் அப்படி" என்று நான் மழுப்புவதில்லை. ஒருவனுக்குச் சொந்தமான இடம் திரையில் இன்னொருவனுக்குக் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

10. அப்ப ஏன் இந்தப் படத்தைத் தலையில தூக்கி வைக்கிறீங்க? கோவம் வரேல்லையா?

கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் படத்தின் மிகச் சிறந்த காட்சி சந்திராவுடையது, பலபான் அதை மனசாரச் செய்திருக்கிறார்.

இரண்டு நாளுக்குள் வியாழனை விட்டுப் போய்விடுங்கள் என்று எச்சரிக்கை வருகிறது. லியோனொவ் கப்பலில் போதிய எரிபொருள் இல்லை. டிஸ்கவரியின் எரிபொருளை எரித்து லியோனொவைத் தள்ளிவிட வேண்டும். அதைச் செய்ய வேண்டியது ஹால். செய்து முடித்ததும் ஹால் அங்கேயே அழியும். இதை அதனிடம் சொல்லலாமா? மற்றவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஹாலின் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு கருவியை இரகசியமாகப் பொருத்தியும் இருக்கிறார்கள். நேரம் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஹால் திரும்பத் திரும்பக் கேட்கிறது: வியாழனில் இவ்வளவு அரிய மாற்றம் நடக்கும்போது ஏன் போகிறோம், நின்று ஆராயலாமே. சந்திரா முதலில் சமாளிக்கிறார். பிறகு முகம் மாறுகிறது. நீ நின்றால் நாங்கள் எல்லோரும் சாவோம், நாங்கள் போனால் நீ அழிந்துவிடுவாய் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஒரு அமைதி. எனக்கு விளங்குகிறது என்கிறது ஹால். உன்னோடு நான் இருக்கட்டுமா என்று சந்திரா கேட்கிறார். வேண்டாம், நீங்கள் போவதுதான் பயணத்துக்கு நல்லது என்று பதில். உண்மையைச் சொன்னதற்கு நன்றியும் சொல்கிறது.

முதல் படத்தில் பொய் நான்கு உயிர்களை எடுத்தது. இங்கே உண்மை ஒரு கப்பல் ஆட்களைக் காப்பாற்றுகிறது. எட்டாவது கேள்விக்கான பதில் இந்த இடத்தில் முழுமையடைகிறது. குப்ரிக்கின் படத்தில் இதற்கு இணையான ஒரு மனித உறவு கிடையாது. அதனால்தான் "2010"ஐ வெறும் வால் என்று யாராவது சொன்னால் நான் விடாமல் வாதாடுவேன்.

11. ரஷ்யாக்காரரையும் அமெரிக்காக்காரரையும் முறைக்க வைச்சது தேவைதானா?

நாவலில் அந்த முறைப்பு இல்லை, ஹயம்ஸ் சேர்த்தது. அது ரீகன் காலம், அணுகுண்டுப் பயம் உச்சத்தில் இருந்தது. படத்தில் மத்திய அமெரிக்காவை வைத்து இரண்டு வல்லரசுகளும் போரின் விளிம்புக்கு வருகின்றன. அமெரிக்கர்கள் சோவியத் கப்பலை விட்டு வெளியேறி டிஸ்கவரிக்குப் போகவேண்டும் என்று உத்தரவு வருகிறது. வசனங்கள் சில இடங்களில் பழைய செய்தித்தாள் வாடை அடிக்கும். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பிரிவினை வலிக்க வேண்டுமானால் முதலில் நெருக்கம் வேண்டும். அதை ஹயம்ஸ் நன்றாகக் கட்டியிருக்கிறார். கப்பல் வியாழனின் வளிமண்டலத்தை உரசிப் போகும்போது வெளியே முழுக்க நெருப்பு. புளொயிட் தன் அறையில் தனியாகக் கிடக்கிறார். இளம் ரஷ்யப் பெண்ணொருத்தி பயத்தில் நடுங்கிக்கொண்டு வந்து அவரோடு ஒட்டிக்கொள்கிறாள். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. அவளை அணைத்துப் பிடித்தபடி அவரும் கண்ணை இறுக மூடுகிறார். நெருப்பு அடங்கியதும் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அதேபோல லித்கோ நடித்த கேர்னோ முதன்முறை விண்வெளியில் மிதக்கும்போது மூச்சு வாங்கித் தவிக்க, ரஷ்யரான மக்ஸ் பேச்சுக் கொடுத்தே அவரை டிஸ்கவரி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார். மொழி தெரியாதவர் ஒருவர் ஆபத்தில் கையைப் பிடித்துக்கொள்வது என்னவென்று இந்த ஊரில் பலருக்குத் தெரியும். அதற்கு விளக்கம் தேவையில்லை.

12. நாவலுக்கும் படத்துக்கும் வேற என்ன வித்தியாசம்?

சந்திராவையும் போர்ப் பதற்றத்தையும் மேலே சொல்லிவிட்டேன். நாவலில் எல்லாருக்கும் முன்பாகச் சீனக் கப்பலொன்று வியாழனின் சந்திரன்களில் ஒன்றான யுரோப்பாவில் இறங்கி அழிந்துபோகும். படத்தில் அது இல்லவே இல்லை. நாவலில் மக்ஸ் உயிரோடு திரும்புகிறார், படத்தில் பாளத்தை நெருங்கி இறக்கிறார். நாவலின் இறுதிச் செய்தி, யுரோப்பாவில் இறங்க முயலாதீர்கள் என்பதோடு நிற்கும். சேர்ந்து பயன்படுத்துங்கள், சமாதானமாகப் பயன்படுத்துங்கள் என்று படம் இரண்டு வரி கூட்டுகிறது. எனக்கு நாவலின் முடிவுதான் பலமாகப் படுகிறது. எச்சரிக்கை எச்சரிக்கையாகவே நிற்கவேண்டும், உபதேசமாகக்கூடாது.

நாவலை கிளார்க் இரண்டு ரஷ்யர்களுக்குச் சமர்ப்பித்தார். ஒருவர் 1965இல் முதன்முதல் விண்வெளியில் நடந்த அலெக்ஸி லியோனொவ், மற்றவர் அப்போது சோவியத் அரசால் நாட்டுக்குள்ளேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த விஞ்ஞானி அந்திரேய் சகாரொவ். ரஷ்யப் பாத்திரங்களுக்கு அரசை எதிர்த்தவர்களின் பெயர்களை வைத்திருந்தார். 1984இல் ஒரு சோவியத் சஞ்சிகை நாவலைத் தொடராகப் போடத் தொடங்கி, இந்தப் பெயர்களை மேலிடம் கவனித்ததும் இரண்டு இதழ்களோடு நிறுத்தியது.

13. வியாழன் சூரியனா மாறுமா டீச்சர்? சோதினையில வந்தா என்ன எழுதுறது?

"மாறாது" என்று எழுதி, காரணத்தையும் எழுதுங்கள். வியாழனின் திணிவு பூமியைப் போல் 318 மடங்கு. கேட்கப் பெரிதாக இருந்தாலும் நட்சத்திரமாக அது போதாது. ஐதரசன் தொடர்ந்து கருவிணைவு அடைய வியாழனைப் போல் சுமார் 75 முதல் 80 மடங்கு திணிவு வேண்டும். ஐதரசனின் பார வகையான தியூத்திரியம் எரிவதற்கே ஏறக்குறைய 13 மடங்கு வேண்டும்.

படத்தில் பாளங்கள் வியாழனின் பொருளையே உண்டு இலட்சக்கணக்கில் பெருகி, அதன் அடர்த்தியைக் கூட்டுகின்றன. வெளியிலிருந்து திணிவு சேர்வதில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் உடனே கேட்பார்கள்: திணிவைக் கூட்டாமல் அமுக்கி மட்டும் எரியவைத்தால், எரியத் தொடங்கியதும் வெளியே விரிந்து அணைந்துவிடாதா? சரியான கேள்வி. வியாழனின் சொந்த ஈர்ப்பு அதைப் பிடித்து வைத்திருக்காது. யாரோ தொடர்ந்து அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த யாரோ, பூமியில் குரங்குக்கு அறிவு கொடுத்தவர்கள் என்பதால் படத்தில் அதை ஏற்றுக்கொள்ளலாம். ஏன் செய்தார்கள் என்பதற்கும் பதில் இருக்கிறது: யுரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில் உயிர் இருக்கிறது, அதற்கு வெப்பமும் ஒளியும் வேண்டும்.

14. நெருப்புப் பிடிச்சுக்கொண்டு வியாழனைச் சுத்திப் போறது விஞ்ஞானமா வித்தையா?

விஞ்ஞானம். வேகமாக வருகிற கப்பலை எரிபொருள் எரித்து நிறுத்துவதற்குப் பதிலாக, கோளின் மேல் வளிமண்டலத்தில் உரசவிட்டு வேகத்தைக் குறைக்கும் முறை. 1993இல் மகெல்லன் விண்கலம் வெள்ளிக் கோளில் இதை மெல்ல மெல்ல, பல சுற்றுகளில் செய்தது. லியோனொவ் செய்வது போல ஒரே உரசலில் வியாழனில் நிற்பதை இன்னும் யாரும் செய்யவில்லை.

15. 2001இல தட்டையா இருந்த ஸ்கிரீன் 2010இல எப்படி டிவிப் பெட்டி மாதிரி வீங்கிச்சு?

நல்ல கண். குப்ரிக் திரைகளுக்குப் பின்னாலிருந்து புரொஜெக்டரால் படம் விழுத்தினார், அதனால் தட்டையாக இருந்தன. ஹயம்ஸ் உண்மையான கண்ணாடிக்குழாய்த் திரைகளைப் போட்டார். அதே கப்பலின் உட்பகுதி பதினாறு வருடத்தில் பின்னோக்கிப் போய்விட்டது. விண்வெளியில் சத்தம் கேட்பதும் குறைதான், முதல் படம் அந்த மௌனத்தைக் கடைசிவரை காப்பாற்றியது.

ஆனால் வியாழனைப் பாருங்கள். 1979இல் வொயேஜர் விண்கலங்கள் அனுப்பிய படங்களை எடுத்து, கிரே சுப்பர் கணினியில் மேகங்களைச் சுழலவிட்டிருக்கிறார்கள். டிஸ்கவரி கப்பல் மஞ்சள் தூசி பிடித்து உருண்டுகொண்டிருப்பதும் அதே தகவலிலிருந்து வந்தது: வியாழனின் இன்னொரு சந்திரனான அயோவில் எரிமலைகள் கந்தகம் கக்குகின்றன என்பதை வொயேஜர்தான் காட்டியது. 1968இல் யாருக்கும் தெரியாத வியாழன் இது.

16. குப்ரிக் கோவிக்கேல்லையா? அவற்ற படத்தில இன்னொருத்தன் கை வைக்கிறானே.

அவருடைய சம்மதம் இல்லாமல் இறங்கமாட்டேன் என்று ஹயம்ஸ் நின்றார். இருவரும் தொலைபேசியில் கதைத்தார்கள். பயப்படாமல் உன்னுடைய படத்தை எடு என்ற கருத்தில் குப்ரிக் சொல்லிவிட்டார். ஆனால் கையில் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. பழைய மாதிரிக் கப்பல்களும் செட்களும் அழிக்கப்பட்டுவிட்டன. பழைய படச்சுருளின் சட்டங்களைப் பெரிதாக்கிப் பார்த்தே டிஸ்கவரியை மறுபடி கட்டினார்கள்.

17. ஒஸ்கார் ஏதும் கிடைச்சுதா?

ஐந்து பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை. விஞ்ஞானப் புனைகதை வாசகர்கள் வாக்களிக்கும் ஹியூகோ விருது 1985இல் கிடைத்தது.

18. யுரோப்பாவில இறங்காதேங்கோ எண்டு சொன்னதை நிஜத்தில ஆரும் மதிக்கினமோ?

இதுவரை யாரும் இறங்கவில்லை. வியாழனைச் சுற்றிய கலிலியோ விண்கலத்தின் எரிபொருள் முடியும் தறுவாயில் நாசா அதை 2003 செப்ரெம்பர் 21ஆம் திகதி வேண்டுமென்றே வியாழனுக்குள் விழுத்தியது. கட்டுப்பாடில்லாமல் விட்டால் அது யுரோப்பாவில் மோதி, பூமியின் நுண்ணுயிர்களை அங்கே கொட்டிவிடக்கூடும் என்ற கவலைதான் காரணம். யுரோப்பாவில் இருக்கக்கூடிய உயிரைப் பற்றிய அக்கறை, படத்தில் வருவது போலவே.

2024 ஒக்டோபர் 14ஆம் திகதி ஏவப்பட்ட யுரோப்பா கிளிப்பர் 2030இல் வியாழனை அடையும். அதுவும் இறங்காது, பல தடவை பக்கத்தால் பறந்து பார்க்கும். ஐரோப்பியரின் ஜூஸ் விண்கலம் 2023 ஏப்ரலில் கிளம்பி 2031இல் போய்ச் சேரவேண்டும். என் இப்போதைய மாணவர்கள் அந்த வருடங்களில் பட்டம் முடித்து வேலைக்குப் போயிருப்பார்கள். அந்தப் படங்களை அவர்களோடு பார்க்க எனக்குப் பேராசை.

19. கடைசியில ஹால் செத்ததா, இல்லையா? பொமன் கூட்டிக்கொண்டு போனது எங்க?

டிஸ்கவரி அழியும். லியோனொவ் தப்பிப் போனதும் பொமன் ஹாலிடம் வந்து, யுரோப்பா பற்றிய செய்தியைப் பூமிக்குத் திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்கிறார். ஹால் தனக்குப் பயமாக இருக்கிறது என்கிறது. நாம் ஒன்றாக இருப்போம் என்கிறார் பொமன். எங்கே என்று கேட்டால், நான் இப்போது இருக்கும் இடத்தில் என்கிறார். முதல் படத்தில் ஹாலின் மூளையைக் கழற்றியவரே அதைக் கூட்டிக்கொண்டு போகிறார். இதை மரணம் என்று நான் எடுப்பதில்லை.

தான் கனவு காணுமா என்று ஹால் சந்திராவிடம் கேட்கும். அதற்கு முன்பு, பூமியில் உள்ள இன்னொரு கணினி இதே கேள்வியைக் கேட்டபோது, அறிவுள்ளவை எல்லாம் கனவு காணும் என்று சந்திரா தைரியமாகச் சொல்லியிருப்பார். ஹாலிடம் மட்டும், தெரியாது என்கிறார். பொய்யால் உடைந்த ஒன்றுக்கு ஆறுதலாகக்கூட ஒரு பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

கிளார்க் கதையை விடவில்லை. 1987இல் "2061", 1997இல் "3001" என்று இரண்டு நாவல்கள் வந்தன. இரண்டும் படமாகவில்லை. கடைசி நாவலில் பொமனும் ஹாலும் ஒரே உயிராகக் கலந்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஹால் ஹாலாகவே இருந்திருக்கவேண்டும் என்பது என் கட்சி. "3001" படித்த மாணவி ஒருத்தி இதில் என்னோடு இன்னும் சண்டை பிடிக்கிறாள்.